வீடு முழுக்கப் பாட்டும் படமும்: சொந்த நெட்வொர்க்கில் அமைத்து இயக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஹாலில் ஓடும் பாட்டு அடுப்படியிலும் மாடி அறையிலும் துளியும் பிசகாமல் ஒன்றாக ஒலிக்க வேண்டும். வேண்டாத அறையை நிறுத்தவோ, அங்கே வேறு பாட்டு போடவோ முடிய வேண்டும். சேர்த்து வைத்த படங்களும் குடும்ப வீடியோக்களும் எந்த டிவியிலும் வர வேண்டும். இவை எல்லாவற்றையும் ஃபோனிலிருந்தும், ஃபோனைத் தொடாதவர்கள் ஒரு பட்டனிலிருந்தும் இயக்க வேண்டும். இந்த வழிகாட்டி கட்டித் தருவது அதைத்தான்.

மென்பொருள் நான்கு. அறைகளுக்குப் பாட்டை நேரம் தவறாமல் கொண்டுபோக ஸ்னாப்காஸ்ட். பாட்டைத் தேர்ந்தெடுக்க மியூசிக் அசிஸ்டன்ட். படங்களுக்கு ஜெல்லிஃபின். எல்லாவற்றையும் சேர்த்து இயக்க ஹோம் அசிஸ்டன்ட். நான்கும் இலவசம், திறந்த மூலம். சொந்தக் கோப்புகளுக்கு இணையம்கூடத் தேவையில்லை. லைன் போன நாளிலும் வீட்டுக்குள் பாட்டு ஓடும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் வரிசையில்தான். முதல் நாளே எல்லா அறைக்கும் ஸ்பீக்கர் மாட்டி, எல்லா மென்பொருளையும் ஏற்றி, பிறகு எது கோளாறு என்று தேடுவார்கள். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படி சரியாக இருப்பதை நம்பித்தான் நிற்கிறது.

1. அறைகளைத் தாளில் எழுதுங்கள்

ஒவ்வோர் அறைக்கும் மூன்று கேள்விகள். இங்கே பாட்டு மட்டும் போதுமா, படமும் வேண்டுமா? இங்கே நெட்வொர்க் கேபிள் வர வழி இருக்கிறதா? இந்த அறையில் நின்றால் பக்கத்து அறை ஸ்பீக்கர் காதில் விழுமா?

மூன்றாவது கேள்வியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஹாலும் அடுப்படியும் திறந்த வாசலால் இணைந்திருந்தால் அந்த இரண்டுக்கும் நேரப் பொருத்தம் மிகத் துல்லியமாக இருக்க வேண்டும். மாடியில் கதவு மூடிய படுக்கையறை அரை நொடி பிந்தினாலும் யாருக்கும் தெரியாது. எங்கே உழைக்க வேண்டும் என்பதை இந்தத் தாள்தான் சொல்லும்.

2. வாங்க வேண்டியவை

சர்வர் (பாட்டும் படமும் இருந்து எல்லா அறைக்கும் போகும் கணினி): இன்டெல் என்100 வகை சிறிய மினி பிசி ஒன்று, 8 அல்லது 16 ஜிபி நினைவகத்துடன். ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியை (சுருக்கமாக, பை) சர்வராக வைக்கச் சொல்ல மாட்டேன். பாட்டுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் டிவிக்குப் புரியாத வடிவத்தில் ஒரு படம் வந்து அதை உடனுக்குடன் மாற்றித் தர வேண்டிய நேரத்தில் திணறும். இந்த வகை இன்டெல் சில்லுகளில் குவிக் சிங்க் என்ற வீடியோ வன்பொருள் உள்ளேயே இருக்கிறது, அது இந்த வேலையைச் சுலபமாகச் செய்யும்.

அறைக்கு ஒன்று: ராஸ்பெரி பை 3, 4 அல்லது சீரோ 2 டபிள்யூ. கூடவே ஒரு யுஎஸ்பி டாக் (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்குப் போகும் ஒலி சிக்னலாக மாற்றும் சிறு கருவி), அல்லது பையின் மேல் செருகும் டாக் பலகை. சீரோ 2 டபிள்யூவிலும் பை 5-இலும் ஹெட்ஃபோன் துளையே கிடையாது. பை 3, 4-இல் உண்டு. ஆனால் பாட்டு அடங்கிய இடங்களில் லேசான இரைச்சல் கேட்கும்.

ஆம்ப்பும் ஸ்பீக்கரும்: வீட்டில் ஏற்கெனவே இருப்பது போதும். ஆக்ஸ் துளை உள்ள பழைய ஹோம் தியேட்டர், பரணில் கிடக்கும் ஸ்டீரியோ, பவர்டு ஸ்பீக்கர் எதுவும் சரி. புளூடூத் ஸ்பீக்கரை மட்டும் இந்தத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். அது நூறு இருநூறு மில்லிவினாடி பிந்தும், அந்த அளவும் நேரத்துக்கு நேரம் மாறும். மாறுகிற தாமதத்தை எந்த அமைப்பாலும் ஈடுகட்ட முடியாது.

நெட்வொர்க்: ஒரு கிகாபிட் சுவிட்ச் (பல நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் பெட்டி), தேவையான நீளத்துக்கு கேட்-6 கேபிள், மேல் தளத்துக்கு ஒரு ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வருவதை வைஃபையாகத் தரும் பெட்டி). ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ்.

பவர் அடாப்டரில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். பழைய ஃபோன் சார்ஜரில் ஓடுவது போலத்தான் இருக்கும். ஆனால் பாட்டு நடுநடுவே வெட்டும், நீங்கள் வைஃபையைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள்.

3. கேபிள் முதலில்

டிவிக்கும், சர்வருக்கும், மாடி ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் கேபிள் கட்டாயம். பாட்டு அறைகளுக்கு முடிந்தால் கேபிள், இல்லாவிட்டால் வைஃபை.

பாட்டு அப்படி ஒன்றும் பெரிய சுமை இல்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ ஒலி சுருக்காமல் போனாலே நொடிக்கு சுமார் 1.5 மெகாபிட்தான். ஆறு அறை என்றால் 9 மெகாபிட். எந்த வைஃபையும் இதைத் தாங்கும். வைஃபையில் வரும் தொல்லை சீரின்மைதான்: ஒரு தரவுப் பொட்டலம் இரண்டு மில்லிவினாடியில் வரும், அடுத்தது முந்நூறில் வரும். கான்கிரீட்டும் செங்கல்லும் கொண்ட நம் வீடுகளில் இரண்டு சுவர் தாண்டினாலே 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் வெகுவாகத் தேய்ந்துவிடுகிறது. அதனால்தான் கேபிள்.

வாங்கும்போது கேபிளின் உள்ளே சுத்தமான செம்பு இருக்கிறதா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் மலிவு, கடையில் அதுதான் முதலில் கைக்கு வரும். ஒரு முனையைச் சீவி, கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். மின்வயர் போகும் அதே பைப்பில் இந்தக் கேபிள் போகக்கூடாது. தனிப் பைப், முடிந்தால் ஓரடி இடைவெளி. குறுக்கே போக நேர்ந்தால் செங்குத்தாகத் தாண்டுங்கள்.

கேபிள் போட்டு முடித்ததும் அளந்து பாருங்கள். ஐபெர்ஃப்3 என்ற சிறு நிரலைச் சர்வரில் ஒரு பக்கமும் லேப்டாப்பில் மறுபக்கமும் ஓட்டினால் வேகம் தெரியும். கிகாபிட் கேபிள் நல்லபடி இருந்தால் 940 மெகாபிட்டை ஒட்டி வரும். 94 வந்தால் கேபிளின் எட்டு இழைகளில் நான்குதான் வேலை செய்கின்றன. எலக்ட்ரீஷியன் நான்கு இழையை மட்டும் கிரிம்ப் செய்திருப்பார், அல்லது ஒரு இழை நழுவியிருக்கும். இணையம் 50 மெகாபிட் என்பதால் இந்தக் குறை வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாது. சுவர் பூசும் முன் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள்.

4. வீட்டுக்கு ஒரே நெட்வொர்க்

நான் பார்த்த வீடுகளில் மிக அதிகமாக நேரம் தின்ற கோளாறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஃபைபர் இணைப்புக்காரர் ஒரு ரவுட்டர் வைத்துவிட்டுப் போவார். மாடியில் சிக்னல் வராது. கடையில் இன்னொரு வைஃபை ரவுட்டர் வாங்கி, முதல் ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்து அதன் வேன் துளையில் (இணையம் உள்ளே வரும் துளை) செருகுவோம். இணையம் உடனே வந்துவிடும், எல்லாம் சரியென்று நினைப்போம். ஆனால் இப்போது வீட்டில் இரண்டு தனி நெட்வொர்க்குகள். கீழே உள்ள கருவிகளுக்கு 192.168.1 என்று தொடங்கும் முகவரி, மேலே உள்ளவற்றுக்கு 192.168.0 என்று தொடங்கும் முகவரி.

கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிப்பது வீட்டுக்குள் ஒரு பொது அழைப்பு விட்டுத்தான். அந்த அழைப்பு ஒரு நெட்வொர்க்கின் எல்லையைத் தாண்டாது. விளைவு: மாடியில் ஃபோனை எடுத்தால் ஒரு ஸ்பீக்கரும் தெரியாது, கீழே இறங்கி வந்தால் எல்லாம் தெரியும். செயலியை அழித்து மறுபடி ஏற்றுவார்கள், கருவியை ரீசெட் செய்வார்கள். எதுவும் உதவாது.

இதற்குத் தீர்வு இரண்டாவது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது. அதை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத பழைய ரவுட்டர் என்றால் மூன்று வேலை: அதன் முகவரியை முதல் ரவுட்டரின் வரிசைக்குள் காலியான ஓர் எண்ணாக மாற்றுங்கள், அதன் டிஎச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வசதி) அணையுங்கள், கேபிளை வேன் துளையிலிருந்து எடுத்து லேன் துளையில் (வீட்டுக் கருவிகளுக்கான துளை) செருகுங்கள். இந்த வரிசையிலேயே செய்யுங்கள். டிஎச்சிபியை முதலில் அணைத்தால் அமைப்புப் பக்கத்துக்கே மறுபடி போக முடியாமல் மாட்டிக்கொள்ளலாம்.

சரி பார்ப்பது எளிது. கீழே ஒரு ஃபோன், மேலே ஒரு ஃபோன். இரண்டின் வைஃபை விவரத்திலும் ஐபி முகவரியின் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டு சின்ன விஷயங்கள். ரவுட்டரில் ஏபி ஐசொலேஷன் அல்லது கிளையன்ட் ஐசொலேஷன் என்ற அமைப்பு இருந்தால் அணைத்திருக்க வேண்டும். அது இயங்கினால் ஒரே வைஃபையில் இருந்தும் கருவிகள் ஒன்றோடொன்று பேசாது. ஸ்பீக்கர்களை இயக்கும் ராஸ்பெரி பைகளை கெஸ்ட் வைஃபையில் சேர்க்கக் கூடாது, காரணம் அதேதான்.

5. முகவரிகளை நிலையாக்குங்கள்

ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கும் முகவரி மாறக்கூடியது. மின்சாரம் போய் வந்த பிறகு நேற்று கடைசி எண் 14-ஆக இருந்த சர்வர் இன்று 21 ஆகலாம், அப்போது எல்லா அறையும் ஊமையாகிவிடும். ரவுட்டரின் டிஎச்சிபி ரிசர்வேஷன் பகுதியில் சர்வர், ஒவ்வொரு பை, ஒவ்வொரு டிவி எல்லாவற்றுக்கும் நிலையான முகவரி கொடுங்கள்.

முகவரியைக் கருவிக்குள் போய்க் கையால் எழுத வேண்டாம். ரவுட்டரில் செய்தால் எல்லாம் ஒரே பட்டியலில் இருக்கும், நாளை ரவுட்டரை மாற்றும்போது ஓரிடத்தில் திருத்தினால் போதும். சர்வருக்கு 10, பைகளுக்கு 21 முதல், டிவிகளுக்கு 41 முதல் என்று பிரித்துக்கொண்டால் பின்னால் தேட வேண்டியிருக்காது.

6. சர்வரை எழுப்புதல்

மினி பிசியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றுங்கள். அதன் மேல் டாக்கரில் (ஒவ்வொரு நிரலையும் தனிக் கூண்டில் ஓட்டும் மென்பொருள்) ஹோம் அசிஸ்டன்ட், மியூசிக் அசிஸ்டன்ட், ஜெல்லிஃபின் மூன்றையும் தனித்தனியாக ஓட்டுங்கள். தனித்தனியாக இருந்தால் ஒன்றைப் புதுப்பித்துக் கெட்டாலும் மற்ற இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஹோம் அசிஸ்டன்ட்டும் மியூசிக் அசிஸ்டன்ட்டும் டாக்கரின் ஹோஸ்ட் நெட்வொர்க்கில், அதாவது மினி பிசியின் சொந்த நெட்வொர்க்கிலேயே ஓட வேண்டும். வழக்கமான பிரிட்ஜ் நெட்வொர்க்கில் விட்டால், நான்காவது படியில் சொன்ன அந்தப் பொது அழைப்பு டாக்கரின் உள் நெட்வொர்க்குக்கு வந்து சேராது. பக்கம் திறக்கும், பாட்டுப் பட்டியல் வரும், கருவி மட்டும் ஒன்றுகூடத் தென்படாது.

மியூசிக் அசிஸ்டன்ட்டுக்குள் ஸ்னாப்காஸ்டைச் சேர்க்கும்போது, உள்ளேயே இருக்கும் ஸ்னாப்சர்வரை (ஸ்னாப்காஸ்டில் பாட்டை அனுப்பும் பகுதி) தேர்ந்தெடுங்கள். அதே கணினியில் தனியாக இன்னொரு ஸ்னாப்சர்வரை ஏற்றாதீர்கள். இரண்டும் 1704, 1705 என்ற ஒரே போர்ட்டுகளுக்கு மோதிக்கொள்ளும், பிந்தி எழுந்தது செத்துப்போகும்.

பிறகு பாட்டுக் கோப்புகள் இருக்கும் அடைவை (ஃபோல்டர்) காட்டுங்கள். ஸ்பாட்டிஃபை சேர்ப்பதானால் பிரீமியம் கணக்கு வேண்டும்.

7. ஒரே ஓர் அறை

இப்போது ஒரு பை, ஒரு டாக், ஒரு ஸ்பீக்கர். சர்வருக்குப் பக்கத்திலேயே, கேபிளில். மெமரி கார்டில் ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் லைட் பதிப்பை எழுதி, அறையில் பாட்டை வாங்கி ஒலிக்கும் ஸ்னாப்கிளையன்ட்டை நிறுவுங்கள். சர்வரைத் தானாகத் தேடிக்கொள்ளும். ஆனாலும் சர்வரின் ஐபி முகவரியைக் கிளையன்ட் அமைப்பில் எழுதிவிடுங்கள். மின்வெட்டுக்குப் பின் எழும்போது தேடல் சில வேளை தவறும், எழுதிய முகவரி தவறாது.

பாட்டு ஓடுவதாகத் திரை சொல்கிறது, சத்தம் மட்டும் வரவில்லை. முதல் அறையில் இது கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடக்கும். ஒரு பையில் ஒலி போக எச்டிஎம்ஐ, ஹெட்ஃபோன் துளை, யுஎஸ்பி டாக் என்று பல வாசல்கள் உண்டு. இயல்பாக அது எச்டிஎம்ஐயைத் தேர்ந்தெடுத்து, யாருமில்லாத திரைக்குப் பாடிக்கொண்டிருக்கும். ஸ்னாப்கிளையன்ட்டிடம் கருவிப் பட்டியலைக் கேட்டு, டாக் எது என்று பார்த்து, அதை அமைப்பில் எழுதுங்கள். எண்ணாக எழுதாமல் பெயராக எழுதுங்கள். மறுதொடக்கத்தில் எண்கள் இடம் மாறக்கூடும்.

டாக் பலகை போட்டிருந்தால் அதைப் பைக்கு அடையாளம் காட்டும் ஓவர்லே வரியைப் பையின் தொடக்க அமைப்புக் கோப்பில் சேர்க்க வேண்டும். பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்பவர்கள் கவனிக்க: 2023-இல் வந்த புக்வோர்ம் பதிப்பிலிருந்து அந்தக் கோப்பு, பூட் அடைவுக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் என்ற உள் அடைவுக்குப் போய்விட்டது.

வைஃபையில் ஓடப்போகும் பை என்றால் அதன் வைஃபை பவர் சேவிங்கை அணையுங்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்க அது அவ்வப்போது கண்ணயரும், ஒவ்வொரு முறையும் பாட்டு விக்கும்.

ஸ்பீக்கரில் ஊம் என்ற ஓசை தொடர்ந்து வந்தால் பைக்கும் ஆம்ப்புக்கும் ஒரே அடாப்டரிலிருந்து மின்சாரம் போகிறதா என்று பாருங்கள். தனித்தனி அடாப்டர் கொடுங்கள். அப்படியும் வந்தால் இடையில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போட்டால் அநேகமாக நின்றுவிடும்.

ஒரு முழு நாள் இந்த ஓர் அறையில் பாட்டு ஓடட்டும். ஒரு தடவைகூட வெட்டாமல் ஓடினால்தான் அடுத்த படி.

8. ஒலி அளவுக்கு ஒரே ஒரு பிடி

பாட்டு காதுக்கு வரும் வழியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மூன்று இடங்கள் உண்டு: ஆம்ப்பின் குமிழ், பையின் ஒலி அட்டை, ஸ்னாப்காஸ்ட். மூன்றையும் அவ்வப்போது ஆளுக்கொன்றாகத் திருகினால் ஒரு வாரத்தில் எந்த அறை ஏன் மெதுவாகக் கேட்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பையின் ஒலி அட்டையை நூறு சதவீதத்தில் வையுங்கள். ஸ்னாப்காஸ்டையும் நூறில் வைத்து, ஆம்ப் குமிழை மெல்லத் திருகி, இந்த அறைக்கு இதற்கு மேல் சத்தம் வேண்டவே வேண்டாம் என்ற இடத்தில் நிறுத்துங்கள். அந்த இடத்தில் குமிழின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். அன்றாடம் கூட்டிக் குறைப்பது ஸ்னாப்காஸ்டில் மட்டும். இதனால் இன்னொரு நன்மை: விடிகாலை ஐந்து மணிக்குத் தானாக ஓடும் பக்திப் பாட்டு எந்தக் காரணத்தாலும் வீட்டை அதிர வைக்காது.

9. இரண்டாவது அறையும் நேரப் பொருத்தமும்

ஸ்னாப்காஸ்ட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்தப் படி சுலபம். சர்வர் பாட்டைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொன்றின் மேலும் நேரத்தைக் குறித்து அனுப்புகிறது. ஒவ்வொரு அறையின் பையும் தன் கடிகாரத்தைச் சர்வரின் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்து, குறித்த நேரத்துக்கு ஒரு நொடி கழித்து அந்தத் துண்டை ஒலிக்கிறது. அந்த ஒரு நொடிதான் பஃபர். 1000 மில்லிவினாடி என்பது இயல்பு அளவு. அதற்குள் எல்லா அறைக்கும் துண்டு வந்து சேர்ந்துவிட்டால் போதும், முன்பின் வந்தது பொருட்டில்லை.

இதன் விலை, நிறுத்து பட்டனை அழுத்தினால் ஒரு நொடி கழித்துத்தான் பாட்டு நிற்கும். வீட்டில் உள்ளவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அழுத்தியது பதியவில்லை என்று மறுபடி அழுத்துவார்கள், நிற்கப்போன பாட்டு மீண்டும் தொடங்கும். வைஃபை அறைகளில் வெட்டினால் பஃபரை 1500 ஆக்கிப் பாருங்கள்.

பைகள் தமக்குள் பொருந்தினாலும், ஒவ்வொரு டாக்கும் ஆம்ப்பும் தன் பங்குக்குக் கொஞ்சம் பிந்தும். ஒலியை உள்ளே டிஜிட்டலாகப் பதப்படுத்தும் சவுண்ட்பாரும் ஏவி ரிசீவரும் கண்டிப்பாகப் பிந்தும். இதை ஈடுகட்ட ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் லேட்டன்சி என்று மில்லிவினாடியில் ஓர் எண் உண்டு.

பொருத்தும் முறை இது. இரண்டு நொடிக்கு ஒரு முறை டக் என்று ஒலிக்கும் கோப்பு ஒன்றைத் தயார் செய்யுங்கள். பாட்டை வைத்துப் பொருத்த முயலாதீர்கள். அடுத்தடுத்து வரும் தாளத்தில் எது முந்துகிறது எது பிந்துகிறது என்று காது குழம்பும். இரண்டு அறைக்கும் நடுவாசலில், இரு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் நில்லுங்கள். தூரம் முக்கியம்: ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர்தான் போகும், அதாவது ஒரு மீட்டருக்கு 3 மில்லிவினாடி. ஒரு ஸ்பீக்கரின் பக்கத்தில் நின்று பொருத்தினால் அறையின் நீளத்தையும் சேர்த்துத் திருத்திவிடுவீர்கள்.

டக்-டக் என்று இரட்டையாகக் கேட்டால், ஒரு ஸ்பீக்கரைக் கையால் மூடி மூடி எது பின்னால் வருகிறது என்று கண்டுபிடியுங்கள். பின்தங்கும் அறையின் லேட்டன்சியை 20 கூட்டுங்கள். அந்த அறை அவ்வளவு முன்னதாக ஒலிக்கத் தொடங்கும். இரண்டு டக்கும் நெருங்கி ஒன்றான பிறகும் ஓசை தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல இருந்தால் இன்னும் சில மில்லிவினாடி மிச்சம் இருக்கிறது. இரண்டு இரண்டாக நகர்த்துங்கள். ஓர் இடத்தில் சத்தம் சட்டென்று கெட்டியாகி, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவிலிருந்து வருவது போல ஆகிவிடும். அங்கே நிறுத்தி, எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நான்காவது அறைகளை எப்போதும் முதல் அறையோடு ஒப்பிட்டே பொருத்துங்கள். இரண்டாவதோடு மூன்றாவது, மூன்றாவதோடு நான்காவது என்று போனால் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும்.

10. குழுக்கள்

அறைகளுக்கு வீட்டில் கூப்பிடும் பெயரையே வையுங்கள்: ஹால், அடுப்படி, மாடி, அப்பா ரூம். மியூசிக் அசிஸ்டன்ட்டில் அன்றாடம் தேவைப்படும் குழுக்களை மட்டும் உருவாக்குங்கள். கீழ்த்தளம், முழு வீடு என்று இரண்டு போதும். குழுவின் ஒலியைக் கூட்டினால் எல்லா அறையும் கூடும். அறைகளுக்கு இடையிலான விகிதத்தைத் தனித்தனியாக ஒரு முறை சரிசெய்துவிட்டால் போதும்.

11. படங்கள்

ஜெல்லிஃபினில் படத்துக்கு ஓர் அடைவு, தொடர்களுக்கு ஓர் அடைவு, குடும்ப வீடியோக்களுக்கு ஓர் அடைவு. மூன்றையும் தனித்தனி நூலகமாகச் சேருங்கள். ஒவ்வொரு படமும் தன் பெயரும் அடைப்புக்குறிக்குள் ஆண்டும் கொண்ட தனி அடைவில் இருந்தால்தான் போஸ்டரும் விவரமும் சரியாக வரும். ஒரே பெயரில் பல படங்கள் இருப்பதால் ஆண்டு இல்லாவிட்டால் வேறு படத்தின் போஸ்டர் வந்து உட்காரும். குடும்ப வீடியோக்களைப் பட நூலகத்தில் போடாதீர்கள். கல்யாண வீடியோவுக்கு ஏதோ ஒரு சினிமாவின் பெயரைத் தேடிப்பிடித்து வைத்துவிடும்.

டிவியில் படம் சுற்றிக்கொண்டே நின்றால் சர்வரின் கட்டுப்பாட்டுப் பலகையைப் பாருங்கள். நேரடியாக ஓடுகிறதா, டிரான்ஸ்கோடு ஆகிறதா (வேறு வடிவத்துக்கு மாற்றப்படுகிறதா) என்று அங்கே எழுதியிருக்கும், காரணத்தோடு. வழக்கமான காரணங்கள் மூன்று. வீடியோ வடிவம் டிவிக்குப் புரியவில்லை. ஒலி டிடிஎஸ் வடிவில் இருக்கிறது. பல டிவிகள் அதை ஏற்பதில்லை. அல்லது சப்டைட்டில், புளூரேயில் வருவது போலப் படமாக இருக்கிறது. அதைக் காட்சியின் மேல் பதித்து அனுப்பச் சர்வர் முழு வீடியோவையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். ஆகவே எழுத்து வடிவ சப்டைட்டில் கோப்புகளையே வையுங்கள். குவிக் சிங்க்கை ஜெல்லிஃபின் அமைப்பில் இயக்குவதோடு, டாக்கருக்குள் கிராஃபிக்ஸ் கருவியையும் அனுமதிக்க வேண்டும். இரண்டாவதை மறந்தால் வன்பொருள் இருந்தும் வேலை நடக்காது.

தமிழ் சப்டைட்டில் சில வேளை வெறும் கட்டங்களாக வரும். சர்வரிலோ டிவியிலோ தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை ஓர் அடைவில் போட்டு, ஜெல்லிஃபினின் மாற்று எழுத்துரு அமைப்பில் அந்த அடைவைக் காட்டுங்கள்.

இன்னொரு விஷயம், கேபிள்தான் சிறந்தது என்ற விதிக்கு ஒரு விலக்கு. பல டிவிகளின் லேன் துளை வெறும் 100 மெகாபிட்தான். சாதாரண புளூரே படம் ஒலியோடு சேர்த்து அதிகபட்சம் சுமார் 50 மெகாபிட் என்பதால் தடையில்லை. 4கே புளூரே உச்சக் காட்சிகளில் 100-ஐத் தாண்டக்கூடும். கேபிளில் இருந்தும் சண்டைக் காட்சியில் மட்டும் நிற்கும். அந்த டிவிக்கு அதே அறையில் இருக்கும் ஆக்சஸ் பாயின்ட்டின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை நன்றாக ஓடும்.

ஓடிடி செயலிகள் இந்தச் சர்வர் வழியாக வராது. அவை உரிமப் பாதுகாப்போடு வருவதால் ஒவ்வொரு டிவியிலும் தனியே உள்நுழைவதுதான் வழி.

டிவியின் ஒலியை ஸ்னாப்காஸ்ட் வழியாக எல்லா அறைக்கும் அனுப்பலாமா என்று பலரும் கேட்கிறார்கள். ஒரு நொடி பஃபர் இருப்பதால் உதடு அசைந்து ஒரு நொடி கழித்துப் பேச்சு வரும். டிவி இருக்கும் அறையில் டிவியின் ஸ்பீக்கரே பேசட்டும். கிரிக்கெட் வர்ணனையை அடுப்படியில் காதால் மட்டும் கேட்க வேண்டுமென்றால் அனுப்பலாம், அங்கே திரை இல்லாததால் குறை தெரியாது.

12. ஒரே செட்டாப் பாக்ஸ், பல டிவி

எச்டிஎம்ஐயை நெட்வொர்க் கேபிளில் அனுப்பும் பெட்டிகள் கிடைக்கின்றன. ஓர் அனுப்பி, பல வாங்கிகள் கொண்ட வகை, படத்தை மல்டிகாஸ்ட்டாக (ஒரே சமயத்தில் பல கருவிகளுக்கு) நெட்வொர்க் முழுக்கக் கொட்டும். சாதாரண சுவிட்சில் செருகினால் அந்த வெள்ளம் எல்லாத் துளைக்கும் போய், ஆக்சஸ் பாயின்ட் வழியாக வைஃபையையும் அடைத்துவிடும். அதற்குத் தனி சுவிட்ச், தனிக் கேபிள் கொடுங்கள். வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்க வேண்டாம். இல்லையென்றால், கேட்கும் துளைக்கு மட்டும் மல்டிகாஸ்ட்டை அனுப்பும் ஐஜிஎம்பி ஸ்நூப்பிங் உள்ள மேனேஜ்டு சுவிட்ச் வாங்கி, அதில் யார் கேட்கிறார்கள் என்று விசாரிக்கும் குவெரியரையும் இயக்குங்கள். தனி சுவிட்ச்தான் மலிவும் நிம்மதியும்.

13. இயக்கும் வழிகள்

இதுவரை செய்தது எல்லாம் தனித்தனியாக ஓடினால் மட்டும் ஹோம் அசிஸ்டன்ட்டுக்கு வாருங்கள். உடைந்த ஒன்றின் மேல் தானியங்கி வேலைகளை ஏற்றினால் கோளாறு எங்கே என்று பிரித்தறியவே முடியாது.

முதலில் எழுத வேண்டிய கட்டளை "எல்லாம் நிறுத்து". எல்லா அறையின் பாட்டையும் நிறுத்தி, எல்லா டிவியையும் அணைப்பது. ஃபோன் வந்தாலோ, வாசலில் ஆள் வந்தாலோ, குழந்தை தூங்கினாலோ தேவைப்படுவது இதுதான். ஒரு சிக்பீ (கம்பியில்லாமல், குறைந்த மின்சாரத்தில் ஓடும்) பட்டனை ஹாலில் ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டி, நீண்ட அழுத்தத்துக்கு இதைக் கொடுங்கள். ஒரு தட்டு தட்டினால் பாட்டு தொடங்கவோ நிற்கவோ செய்யட்டும், இரண்டு தட்டினால் அடுத்த பாட்டு. இதற்கு மேல் ஒரு பட்டனில் ஏற்றாதீர்கள். யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

டிவியை அணைப்பது சுலபம், எழுப்புவதுதான் சிக்கல். டிவியின் அமைப்பில் வேக் ஆன் லேன் அல்லது நெட்வொர்க் ஸ்டேண்ட்பை என்று ஒன்று இருக்கும். அதை இயக்கியிருந்தால்தான் தூங்கும் டிவி கட்டளையைக் கேட்கும். சுவரில் ஸ்விட்சை அணைத்துவிட்டால் எதுவும் எழுப்பாது. இரவில் எல்லா ஸ்விட்சையும் அணைக்கும் பழக்கம் உள்ள வீடுகளில் எந்த ஸ்விட்சைத் தொடக்கூடாது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் வைத்து ஓடும் பாட்டுக்கு, தொடங்கும் முன் ஒலி அளவை இத்தனை என்று நிர்ணயிக்கும் வரியைக் கட்டாயம் சேருங்கள். முந்தைய இரவு விருந்தில் எண்பதில் விட்டது காலை ஐந்துக்கு எண்பதிலேயே ஒலிக்கும்.

14. மெயின் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள்

வீட்டில் எல்லோரும் விழித்திருக்கும் ஒரு பகல் வேளையில், சர்வரை மட்டும் முறைப்படி நிறுத்திவிட்டு, மெயின் ஸ்விட்சை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். எதையும் தொடாமல் காத்திருங்கள். பத்து நிமிடத்தில் எல்லா அறையும் தானாகத் திரும்பி வர வேண்டும்.

சர்வரே எழவில்லை என்றால் மினி பிசியின் பயாஸில் (கணினி எழும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை), மின்சாரம் வந்ததும் தானாக இயங்கும் அமைப்பை இயக்க வேண்டும். ஒரு சில பைகள் மட்டும் வரவில்லை என்றால் அவை ரவுட்டருக்கு முன்பே எழுந்துவிட்டன. ஃபைபர் ரவுட்டர் தயாராக ஓரிரு நிமிடமாவது ஆகும். ஸ்னாப்கிளையன்ட்டின் சேவை அமைப்பில், நின்றால் பத்து நொடி கழித்து மறுபடி தொடங்கும்படி எழுதுங்கள். ரவுட்டரையும் சுவிட்சையும் மினி யுபிஎஸ்ஸில் வைத்தால் குறுகிய வெட்டுகளில் இந்தப் பிரச்சினையே வராது. சர்வருக்கும் யுபிஎஸ் கட்டாயம், படங்கள் இருக்கும் டிஸ்க் அதில்தான் இருக்கிறது.

பைகளின் மெமரி கார்டு திடீர் மின்வெட்டில் கெடும். ஓர் அறை முழுதாகச் சரியான பிறகு, பையின் அமைப்பு நிரலில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்குங்கள். அதன் பின் கார்டில் எதுவும் எழுதப்படாது, எத்தனை முறை மின்சாரம் போனாலும் தாங்கும். இதற்குப் பின் செய்யும் மாற்றம் எதுவும் மறுதொடக்கத்தில் நிற்காது என்பதால் லேட்டன்சி எண், டாக் பெயர், சர்வர் முகவரி மூன்றும் சரிதானா என்று பார்த்துவிட்டு இயக்குங்கள். அப்புறம் அந்தக் கார்டை அப்படியே நகலெடுத்து, அறையின் பெயரெழுதிய உறையில் போட்டு ரவுட்டர் பெட்டிக்குள் வையுங்கள். கெட்டுப்போன அன்று கார்டை மாற்றினால் அந்த அறை மறுபடி பாடத் தொடங்கிவிடும்.